மன்னார்த் தீவிலே காற்றாடிக்கு நாடி பார்த்தோம்

ஆவணி விடுமுறையொன்றில் மாணவர் பன்னிருவருடன் மன்னார்த் தீவுக்குச் சென்றிருந்தேன். தள்ளாடியைக் கடந்து பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று பேருந்தின் சாளரங்களை உலுக்கத் தொடங்கியது. தீவினுட் சென்றபோது, தென்கரையோரமாக வெண்ணிறக் காற்றாடிகள் அணிவகுத்து நிற்கக் கண்டோம். இலங்கை மின்சார சபை அமைத்து, 2020 டிசெம்பரிலே திறந்துவைக்கப்பெற்ற 'தம்பபவனி' காற்றாலை அதுவே. காற்றாடிகள் 30; ஒவ்வொன்றின் வலு 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று. இறக்கைகள் சுழன்று வரையும் வட்டத்தின் விட்டம் மாத்திரம் 126 மீற்றர்!

காற்றாலைத் தொழிலில் ஈடுபட்டுள்ள என் பழைய மாணவர் ஒருவர் எம்முடன் வந்திருந்தார்.

"இவ்வளவு உயரத்திலே பழுது வந்தால் எப்படி அண்ணா திருத்துவீர்கள்?" என்று மாணவன் ஒருவன் வினவினான்.

"திருத்துவது பெரிதல்ல, தம்பி. பழுது முற்றுமுன் அறிவதுதான் பெரிது" என்றார் அவர்.

அவர் விளக்கியதன் சாரம் இது. இறக்கைகள் நிமிடத்திற்குப் பத்துப் பதினைந்து முறையே சுழல்கின்றன. உச்சியிலுள்ள பற்சக்கரப் பெட்டி அச்சுழற்சியை ஆயிரத்துக்கு மேலாகப் பெருக்கி மின்பிறப்பாக்கிக்கு அளிக்கின்றது. அங்குள்ள பேரிங் ஒன்றில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுமாயின், சுற்றுதோறும் மெல்லிய தட்டு ஒன்று எழும். நம் செவிக்கு எட்டாத அத்தட்டை அதிர்வுணரி பல வாரங்களுக்கு முன்னரே, சிலவேளை மாதங்களுக்கு முன்னரே, பிடித்துவிடும். அடுத்து எண்ணெயில் உலோகத் துகள் தோன்றும்; அதன் பின்னரே சூடேறும்; இரைச்சல் காதில் விழும்போது காலங்கடந்துவிடும். தட்டு எத்துணை விரைவில் மீண்டும் மீண்டும் எழுகின்றது என்பதைக் கணித்து, நோயுற்ற பாகம் எதுவென்றும் கூறலாமாம். கைநாடி பார்த்தே நோய் சொல்லும் எங்கள் ஊர்ப் பரியாரியாரை நினைத்துக்கொண்டேன்.

"முன்னரே அறிவதால் வரும் நன்மை என்ன?" என்று கேட்டேன். அவர் வீசுங்காற்றைச் சுட்டிக் காட்டினார். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும் காலமே காற்றாலையின் அறுவடைக் காலம். அப்போது காற்றாடி நின்றுவிட்டால் நட்டம் பெரிது. கடுங்காற்றிலே பாரந்தூக்கியைக் கொண்டு கனத்த பாகங்களை உயர்த்துதலும் இயலாது. நோயை முற்கூட்டியே அறிந்தாலோ, சுமையைக் குறைத்து ஓட்டி, உதிரிப்பாகத்தை வரவழைத்து, சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குமுன் வரும் அமைதி நாட்களில் மாற்றிவிடலாம்.

"இயந்திரம் தப்புவது இரண்டாவது, சேர். மேலே ஏறுகிறவன் தன் பிள்ளைகளிடம் பத்திரமாகத் திரும்பிப் போவதே முதலாவது" என்றார். மாணவர் அனைவரும் மௌனமாயினர்.

மாலையில் பேசாலைத் தேநீர்க் கடையொன்றில் முதிய மீனவர் ஒருவரோடு உரையாடினோம். "மழைத்தண்ணி ஓடுற வழி, மீன் படுற இடம், பறவை வாற பாதை எல்லாம் எங்களுக்குத் தெரியும், மாஸ்ரர். ஆர் எங்களிட்டக் கேட்கினம்?" என்றார் அவர். புதிய காற்றாலைகளை எதிர்த்து இத்தீவு மக்கள் 2025 இல் வீதிக்கு வந்தமையை நேயர்கள் அறிவர்.

இரவு திரும்பும் வழியில் அவருடைய வினாவே என் நெஞ்சிற் சுழன்றது. மயிரிழை வெடிப்பின் ஓசையைக் கேட்பதற்கு மனிதன் கருவி கண்டுவிட்டான். காற்றாடியின் அயலிலே வாழ்வோரின் குரலைக் கேட்பதற்கோ கருவி எதுவும் வேண்டியதில்லை. காலத்தோடு செவிசாய்த்தால் அதுவே போதும்.