எம் இல்லத்து மின்விளக்கு

விழா மலருக்குக் கட்டுரை எழுதுமாறு பணிக்கப்பெறும் பழைய மாணவர் பெரும்பாலும் தம் காலத்து அதிபரையும் ஆசிரியரையும் விளையாட்டு மைதானத்தையும் பற்றியே எழுதுவர். அவை போற்றத்தக்கனவே. ஆயினும், அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் இம்மலரிற் பலர் உளர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது விளக்கு, அதிலும், 'சிமாட் பல்ப்' எனக் கடைத்தெருவிலே வழங்கும் மின்குமிழ். திறன்பேசி என்னும் சொல்லை ஒட்டி யாம் அதனைத் திறன்குமிழ் என்போம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று இளைய மாணவர் நகைத்தல் கூடும். வீட்டிலே விளக்கு வைப்பது எல்லார்க்கும் உரிய அலுவலன்றோ?

இக்குமிழ் யாது செய்யும் என்பதை முதலிற் கூறுதல் முறை. வழக்கமான எல். ஈ. டி. குமிழோடு ஒரு சிறு வானொலி வாங்கியும், விரல்நகம் அளவினதான ஒரு கணினியும் அதன் கழுத்தினுள்ளே அடங்கியுள்ளன. தொலைபேசியினின்று வரும் கட்டளையை ஏற்று அது ஒளியைக் கூட்டும், குறைக்கும், மஞ்சளாக்கும், வெண்மையாக்கும்; குறித்த மணிக்குத் தானே எரியும், தானே நூரும். பிலிப்ஸ் நிறுவனம் 'ஹியூ' என்னும் பெயரில் 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே இத்தகைய குமிழ்களை விற்பனைக்கு விட்டது. அதன் பின்னரே இவை உலகிற் பரவலாயின. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாய் நிற்பது நீல ஒளி தரும் இருவாயி. அதனை ஆக்கிய அகசாகி, அமனோ, நக்கமுரா என்னும் மூவர்க்கும் 2014இல் பௌதிகவியல் நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய வசதிகளை எம் தலைமுறையார் சற்று ஒதுங்கி நின்று நோக்குதற்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டின் நடுவிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எமக்கு வயது பத்து. மண்ணெண்ணெய் பொன்போல் அரிதாயிற்று. ஜாம் போத்தலினுள்ளே சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு, நூற்றிரியை நிறுத்தி, போத்தலின் கண்ணாடியையே சிமினியாகக் கொண்ட விளக்கை அறியாதார் எம் வகுப்பில் ஒருவரும் இரார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலமே. அத்தகைய விளக்கு ஒன்றின் இரு புறத்திலும் யாமும் எம் தமையனாரும் இருந்து படித்தோம். எம் அன்னையார் அடுப்புத் தணலின் வெளிச்சத்திலேயே இரவுச் சமையலை முடிப்பார். புத்தகம் மூடப்படும் ஓசை கேட்டவுடனே, "நூர்த்துப்போட்டுப் படுங்கோ" என்ற குரல் அடுக்களையிலிருந்து வரும். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டுச் சனம் வெளியேறியபோது, அவர் பைக்குள் வைத்த பொருள்களுள் அப்போத்தலும் ஒன்று.

பின்னர் யாம் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, கண்டியிலே நியமனம் ஏற்று, ஹந்தானைச் சரிவில் ஒரு சிறு வீட்டிற் குடியமர்ந்தோம். கண்டிப் பெரியாஸ்பத்திரியைக் கடந்து மேலேறும் சாலை அது. இன்னும் ஏறினால், 1925ஆம் ஆண்டின் தேயிலைத் தொழிற்சாலை இக்காலத்து நூதனசாலையாய் நிற்பதைக் காணலாம். பிற்பகல் நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி அறைகளை இருட்டாக்கும் நாள்கள் பல. மலைச்சரிவு வீடுகளின் இயல்புப்படி எம் வீட்டிலும் அறைகள் ஒரே மட்டத்தில் இல்லை. அன்னையாரின் அறைக்கும் குளியலறைக்கும் இடையே மூன்று படிகள் உள.

அன்னையாரின் இரு கண்களிலும் புரை. ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. 2024ஆம் ஆண்டு மார்கழியில் ஓரிரவு அவர் அப்படிகளிலே வீழ்ந்து, வலக்கை மணிக்கட்டு முறிந்தது. விளக்கைப் போடாமல் ஏன் நடந்தீர்கள் என்று வினவியதற்கு, பிள்ளைகள் விழித்துவிடுவார்கள் என்றும், 'கறண்ட் காசு' ஏறும் என்றும் இரண்டு காரணங்கள் கூறினார். இரவு முழுவதும் ஒரு விளக்கை எரியவிட்டுப் பார்த்தோம். மூன்று இரவும் அவரே எழுந்து நூர்த்தார். எண்ணெயை அளந்து வாழ்ந்த கை அது. அதற்குப் புத்தி சொல்ல யார்க்கு வாய் வரும்? அவர் நடக்கும்போது தானே எரிந்து, அவர் படுத்தபின் தானே நூரும் விளக்கு வேண்டும் என்று யாம் தேடத் தொடங்கியது அதன் பின்னரே.

கண்டி நகரக் கடைகளிலே பெட்டியிற் பார்க்கவேண்டியவை சில. முதலாவது, பிடி. எம் நாட்டிலே இரு முளையுள்ள பிடியும் புரிப்பிடியும் கலந்தே வழங்குகின்றன. திறன்குமிழ்களோ பெரும்பாலும் புரியுடையனவாய் வருகின்றன. மாற்றுப்பிடியும் சேர்த்தே வாங்கவேண்டும். இரண்டாவது, உவாற்றைப் பாராமல் இலூமனைப் பார்த்தல். பழைய 60 உவாற்றுக் குமிழ் ஏறக்குறைய 800 இலூமன் தந்தது. இன்றைய எல். ஈ. டி. குமிழ் 9 உவாற்றில் அதனைத் தருகின்றது.

மூன்றாவதாகிய நிறமே எமக்கு முதன்மையாயிற்று. கெல்வின் எண் ஏற ஏற ஒளி குளிர்ந்து வெளிறும் என்பது விந்தை. 2700 கெல்வின் பழைய குமிழின் பொன்மஞ்சள். 6500 கெல்வின் நீலம் தோய்ந்த வெள்ளை. எம்மவர் வெள்ளையே 'நல்ல வெளிச்சம்' என்று கொள்வர். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி இருபது வயதுக் கண்ணை அடைவதில் ஏறத்தாழ மூன்றிலொன்றே. ஆதலின் முதியோர்க்குப் பகலிலே கூடிய வெளிச்சம் வேண்டும். ஆனால் நள்ளிரவிலே அதே வெள்ளையைக் காட்டினால் புரைபடிந்த கண் கூசும். நீலக் கூறு உறக்கத்துக்குரிய சுரப்பையும் தடுக்கும். படியின் விளிம்பு தெரியும் அளவுக்கு மங்கிய மஞ்சளே இரவுக்கு ஏற்றது. ஒரே குமிழ் மாலையில் ஒன்றாகவும் நள்ளிரவில் மற்றொன்றாகவும் எரியும் என்பதே திறன்குமிழுக்காக யாம் கூறத்தக்க மெய்யான நியாயம். கோடிக்கணக்கான நிறங்கள் காட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது சிறுவர்க்கு.

அச்சிறுவரால் ஒன்று நிகழ்ந்தது. எம் இளைய மகன் ஒரு மாலை முன்னறையிலிருந்தபடியே அப்பம்மாவின் அறை விளக்கைப் பச்சையாக்கினான். சுவரும் போர்வையும் தம் கையும் பச்சையாய்த் தெரியக் கண்ட அன்னையார், சிகிச்சை செய்த கண் போய்விட்டது என்றே நினைத்து, யாரையும் கூப்பிடாமல் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு இருந்தார். எம் மனைவியார் தேநீரோடு உள்ளே சென்று, "மாமி, அது விளக்கு" என்று சொன்ன பின்னரே அவர் மூச்சு விட்டார். அன்றே அவர் அறைக் குமிழைத் தொலைபேசிகள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கினோம். ஒருவர் அமர்ந்திருக்கும் விளக்கை அவர் அறியாமல் மற்றொருவர் மாற்றலாகாது. குரலாலும் ஏவலாம் என்று மூத்த மகன் காட்டியபோது அன்னையார் கூறிய விடையையும் எழுதிவிடுகின்றோம்: "விளக்கோடை கதைக்க எனக்கென்ன விசரே, தம்பி?"

இனி, ஆளிக்கு வருவோம். திறன்குமிழுக்கு எந்நேரமும் மின் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். சுவரிலுள்ள ஆளியை நூர்த்தால் உள்ளிருக்கும் கணினியும் உறங்கிவிடும். பின்னர் எக்கட்டளையும் ஏறாது. அன்னையாரோ படுக்குமுன் வீடெங்கும் சென்று ஆளிகளைத் தொட்டுப் பார்ப்பவர். ஆளியின்மேல் நாடா ஒட்டிவிடுங்கள் என்று சிலர் கூறினர். வீட்டின் மூத்தவர் கைபடும் ஆளியை ஒட்டி மறைக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. குமிழுக்கு மாறாக ஆளியையே திறனாளி ஆக்கலாம். ஆனால் அவற்றுட் பலவற்றுக்கு ஆளிப்பெட்டியினுள்ளே நொதுமல் கம்பி வேண்டும். எம் வீட்டைப் போன்ற பழைய இணைப்புக்களில் அங்கே உயிர்க்கம்பியும் குமிழுக்குச் செல்லும் கம்பியுமே உள. ஈற்றிலே மின்னிணைப்பாளர் ஒருவர் வழி கண்டார். சுவரினுள்ளே இரு கம்பிகளையும் நேரே இணைத்து மூடி, அதே இடத்தில் சிறு மின்கலத்தால் இயங்கும் கம்பியில்லா ஆளியைப் பதித்தார். அன்னையார் அதனை அழுத்துகின்றார், விளக்கு நூர்கின்றது, மனநிறைவோடு படுக்கச் செல்கின்றார். நள்ளிரவில் அவர் காலடி படிக்கு அருகே வந்ததும், அசைவுணரி கண்டு, பத்திலொரு பங்கு மஞ்சளொளி எழுகின்றது. இவ்வாறு செய்த பிடியில் மின் ஒருபோதும் நிற்பதில்லை. குமிழ் மாற்றுமுன் பிரதான ஆளியை நிறுத்துதல் கட்டாயம் என்பதை வீட்டார் அனைவர்க்கும் சொல்லிவைத்துள்ளோம்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்நாட்டிலே விளக்கைப் பற்றி எழுதுதல் இயலாது. 2022 மார்ச்சு 31இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்னிலையத்திற் குரங்கொன்று புகுந்ததனால் நாடு முழுவதும் மின் நின்றது. முன்னொரு குரங்கு இலங்கைக்குத் தீயிட்டது, இக்குரங்கு இருளிட்டது என்று யாம் வகுப்பிற் கூறியபோது ஒன்பதாம் வகுப்பார் நெடுநேரம் சிரித்தனர். திறன்குமிழ் வாங்குவார் அறியவேண்டியது யாதெனின், பல குமிழ்கள் மின் மீண்டதும் முழு ஒளியோடு எரியுமாறே அமைக்கப்பட்டு வருகின்றன. ஒரு மழையிரவில் இரண்டு மணிக்கு வந்த மின்னால் எம் வீடு முழுவதும் பட்டப்பகலாயிற்று. அன்னையார் விடிந்ததென்று எண்ணித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். 'முன்னிருந்த நிலைக்கே மீள்க' என்னும் அமைப்பு அதற்கு உண்டு. பெட்டியைத் திறந்த அன்றே அதனைச் செய்தல் நன்று.

சோழர் காலத்திலே கோயிலுக்கு நந்தாவிளக்கு ஒன்று வைப்பவர், தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்புவித்தனர் எனக் கல்வெட்டுக்கள் கூறும். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பர். மந்தை குறையாமற் காப்பதும் அவர் கடன். (நந்துதல் என்னும் சொல் கெடுதலையும் வளர்தலையும் ஒருங்கே உணர்த்துவதை மாணவர் கவனிப்பாராக.) அணையா விளக்கு ஒன்றின் பின்னே எத்தனை ஆடுகள் நின்றன என்று அன்று ஊரார் எண்ணிப் பார்த்திருக்கலாம். திறன்குமிழின் பின்னேயும் ஒரு மந்தை உண்டு: றவுட்டர், தொலைபேசிக் கோபுரம், கடல்கடந்த நாட்டிலே ஒரு நிறுவனத்தின் கணினிகள். அம்மந்தையை மேய்ப்பவரை யாம் கண்டதில்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்ரியோன் என்னும் நிறுவனம் முன்னறிவிப்பின்றித் தன் கணினிகளை நிறுத்தவே, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலும் வீட்டு விளக்குக்கான தொலைபேசிக் கட்டளைகள் செயலிழந்தன. சில மாதங்களிலே வாடிக்கையாளர் சிலர் சேர்ந்து அதனை வாங்கி மீட்டனர். ஆதலின் யாம், இணையம் இல்லாதபோதும் வீட்டினுள்ளேயே ஒரு சிறு இணைப்புப் பெட்டியால் இயங்கும் வகையினையே தேர்ந்தோம். விலை கூடியது. ஹந்தானையில் மழைக்கு இணையம் அறுவது புதுமையன்று. அறுந்த இரவுகளிலும் படிவிளக்கு எரிகின்றது.

செலவுக் கணக்கையும் அன்னையார் கேட்டார். திறன்குமிழ் நூர்ந்திருக்கும்போதும் அரை உவாற்று அளவில் மின் உண்ணும். மாதத்துக்கு 0.36 அலகு. 9 உவாற்றுக் குமிழ் நாள்தோறும் நான்கு மணித்தியாலம் எரிந்தால் மாதம் ஓர் அலகுக்குச் சற்றே மேல். "எரியாமலே தின்னுதோ உது?" என்றார். கேள்வி நியாயமானதே. முப்பது, அறுபது, தொண்ணூறு என்னும் அலகுப் படிகளிற் கட்டணம் ஏறும் நாட்டிலே வீடு முழுவதற்கும் திறன்குமிழ் பூட்டுவது வீண் என்பது எம் கருத்து. எம் வீட்டில் மூன்றே உள. அடுக்களையிலும் முன்னறையிலும் சாதாரணக் குமிழ்களே எரிகின்றன.

மின் முற்றாக நிற்கும் வேளைக்கு, உள்ளே மின்கலம் கொண்ட, மின்வெட்டானவுடன் தானே எரியும் மலிவான குமிழ் ஒன்றைப் படியின் மறுபுறத்திற் பூட்டினோம். அதற்குத் தொலைபேசியும் தெரியாது, நிறமும் மாறாது. அன்னையார் 'கெட்டிக்காரக் குமிழ்' என்று சுட்டுவது அதனைத்தான்.

வாசல் விளக்கு மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை. வெள்ளை ஒளிக்கு ஈசலும் பூச்சியும் மொய்க்கின்றன. மஞ்சளுக்கு அவை வருவது குறைவு. ஆனால் மூடுபனியிலே வீதியால் ஏறி வருவார்க்கு வெள்ளையே தூரத்திலிருந்து நன்கு தெரிகின்றது என்கின்றனர் மூத்த மகனும் அவன் நண்பரும். ஐப்பசி மழை தொடங்கட்டும். இரண்டையும் ஒவ்வொரு கிழமை எரித்துப் பார்க்கவுள்ளோம்.