சித்தி அளித்த விருந்து

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரியும் எங்கள் சித்தி எங்கள் இருவரையும் புளோரிடாவிலுள்ள எப்காட் பூங்காவிற்கு அழைத்துச் சென்றார். 1982-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பூங்காவில், ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் மாதிரிக் கட்டடங்கள் அணிவகுத்து நிற்பது கண்கொள்ளாக் காட்சி!

நடந்து நடந்து கால்கள் சோர்ந்தன. பசியும் வயிற்றைக் கிள்ளியது. கனடாப் பகுதியிலிருந்த உணவகத்தில் நுழைந்தோம். விலைப்பட்டியலைப் பார்த்த சித்தி சற்றே தயங்கினார். பின்னர் சூப்பு, முன்னுணவு இரண்டு, பூட்டீன் ஆகியவற்றை மட்டும் கேட்டார். “பெரிய உணவு ஏதும் வேண்டாமா?” என்று பரிமாறுபவர் வினவினார். “இவ்வளவே போதும்” என்றார் சித்தி. அடுத்த மேசையிலோ பெரிய பெரிய இறைச்சித் தட்டுகள்! நாங்கள் நாணித் தலைகுனிந்தோம்.

பூட்டீன் வந்தது. பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் பாற்கட்டித் துண்டுகள், அவற்றின்மேல் சுடச்சுடக் குழம்பு. “இது 1950-களில் கியூபெக் மாநிலத்து நாட்டுப்புறக் கடைகளில் பிறந்தது. ஏழைகளின் தீனி என்று பலர் எள்ளினர். இன்றோ கனடாவே இதைத் தன் உணவென்று பெருமை கொள்கிறது” என்று சொல்லியவாறே, பெரும்பங்கை எங்கள் தட்டுகளில் இட்டார் சித்தி.

எங்கள் நுழைவுச் சீட்டுகளுக்காக அவர் எத்தனை இரவுகள் மருத்துவமனையில் கண்விழித்திருப்பார் என்று அப்போதுதான் எண்ணினோம். மீண்டும் நாணினோம், இம்முறை எங்களைக் குறித்தே! எங்கள் தட்டுகளிலிருந்து பாதியை எடுத்துச் சித்தியின் தட்டில் வைத்தோம். ஒன்றும் மீதமின்றி உண்டு, நன்றிச் செபம் சொல்லி எழுந்தோம். அதனினும் பெரிய விருந்தை நாங்கள் இதுவரை உண்டதில்லை.