நனையாமல் ஆற்றில் இறங்கிய கதை

நான் எழுத்தாளன் அல்லன். ஓ/எல் சோதனையோடு என் பள்ளிக்கூடம் நின்றது. இப்போது லண்டனில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் கழுவும் பகுதியில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஓர் ஆற்றையும், அதில் இறங்க நான் போடும் ஓர் உடுப்பையும் பற்றி, புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

ஆற்றின் பெயர் வாண்டில். குரொய்டன், கார்ஷோல்ட்டன் பக்கத்து ஊற்றுகளில் தொடங்கி, மோர்டன் ஹோல் பூங்கா, கொலியர்ஸ் வூட், ஏர்ள்ஸ்பீல்ட் வழியாக ஓடி, வொண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸ் நதியுடன் சேர்கிறது. நீளம் சுமார் 9 மைல்தான். ரூட்டிங்கில் கறிச்சாமான் வாங்கிக்கொண்டு மேர்ட்டன் பக்கம் போகிற எம்மவர்கள் தினமும் அதைக் கடக்கிறார்கள். திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் இப்படியான ஆறுகள் உலகம் முழுவதிலும் மிகக் குறைவாம். அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இருக்கின்றன. கடற்படைத் தளபதி நெல்சன் 1801 இல் மேர்ட்டனில் வாங்கிய வீட்டுத் தோட்டத்துக்குள்ளால் இந்த ஆற்றின் ஒரு கிளை ஓடியது. பிறகு ஆலைக் கழிவும் நகரத்துக் கழிவும் சேர்ந்து, 1960களில் இது சாக்கடை என்றே கணிக்கப்பட்டது. இன்று ட்ரவுட் மீன்கள் மீண்டும் வாழ்கின்றன. அதற்குக் காரணம், தண்ணீருக்குள் இறங்கிக் குப்பை எடுத்த சாதாரண சனங்களும்தான்.

என் மகளின் வகுப்பில் ஒரு கண்ணாடித் தொட்டியில் ட்ரவுட் குஞ்சுகள் வளர்த்தார்கள். அவற்றை ஆற்றில் விடும் நாளில் பெற்றோரையும் அழைத்தார்கள். வாளியைப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று ஆசிரியை கேட்டபோது நான் இரண்டு அடி பின்னால் போனேன். வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்குத் தண்ணியெண்டால் பயமோ?"

என் தகப்பனார் நந்திக்கடலில் இறால் பிடித்தவர். இடுப்பில் ஒரு சாரம், கையில் வீச்சுவலை, வேறொன்றும் இல்லை. எங்கள் தண்ணீர் இளஞ்சூடானது. உடம்பு நனைந்தால் வெயில் காய வைக்கும். நானும் அவரோடு நின்றுதான் வளர்ந்தேன். 2009 சித்திரையில், எனக்கு 19 வயதில், அதே நந்திக்கடலை நெஞ்சளவு தண்ணீரில் கடந்தோம். அம்மா என் தோளைப் பிடித்தபடி வந்தா. அதைப் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. கரையேறி இரண்டு நாள் அந்த ஈர உடுப்போடேயே இருந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன். அதன்பின் நான் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை.

மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல், ஒரு ஞாயிறு காலை ஆறு துப்புரவு செய்யும் தொண்டர்களிடம் போனேன். வாண்டில் ட்ரஸ்ட் என்று தொடங்கி, இன்று சவுத் ஈஸ்ட் ரிவர்ஸ் ட்ரஸ்ட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு அது. "வேடர்ஸ் போடுங்கள்" என்றார்கள். வேட்டைக்கார வேடர் என்று நினைத்தேன்! வேடர்ஸ் என்பது பாதத்திலிருந்து நெஞ்சுவரை ஒரே துண்டாக வரும், தண்ணீர் புகாத காற்சட்டை. தோளில் வாரால் கொழுவ வேண்டும்.

எனக்குத் தந்தது பிளாஸ்டிக் பூசியது. ஷொப்பிங் ட்ரொலி ஒன்றையும் இரண்டு ரயர்களையும் இழுத்துக் கரை சேர்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் கால் முழுக்க ஈரம். நெஞ்சு படபடத்தது. ஓட்டை என்று நினைத்துக் கரையேறினேன். பக்கத்தில் நின்ற வயதான மீன்பிடிக்காரர் சிரித்துவிட்டு, "அது ஆறு இல்லை, உன்னுடைய வியர்வை" என்றார். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் அங்கிக்குள் எட்டு மணித்தியாலம் வேகிற எனக்கு அது உடனே விளங்கியது.

அவர் போட்டிருந்தது 'மூச்சு விடும்' வேடர்ஸ். துணிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதிலுள்ள நுண்ணிய வழிகளால் வியர்வை ஆவியாக வெளியேறும், தண்ணீர்த் துளி உள்ளே வராது. மண்பானை தன் நுண்ணிய துளைகளால் வியர்ப்பதை நினைத்துப் பாருங்கள். 1969 இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் கண்டுபிடித்த பொருளிலிருந்து வந்த கோர்-ரெக்ஸ் துணிதான் இவ்வகையில் பெயர் பெற்றது.

பிறகு பழைய சாமான் சந்தையில் 25 பவுணுக்கு அப்படி ஒன்று வாங்கினேன். மூன்று வருடமாகப் பாவிக்கிறேன். அனுபவத்தில் அறிந்தவை இவை. மெல்லியது என்பதால் தானாகச் சூடு தராது. உள்ளே கம்பளி அல்லது பிளீஸ் துணி போட வேண்டும். பருத்தியும் ஜீன்ஸும் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் மூழ்கிய பகுதி அவ்வளவாக மூச்சு விடாது. அதிக நேரம் அசையாமல் நிற்கிறவர்களுக்குத் தடித்த நியோப்பிரீன் நல்லது, நடக்கிறவர்களுக்கு இதுதான் சுகம். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டாமல் இறங்கவே கூடாது. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதை அதுதான் மட்டுப்படுத்தும்.

எவ்வளவு காலம் உழைக்கும் என்பது விலையைவிடப் பாவிக்கும் ஆளின் கையில் இருக்கிறது. முதலில் போவது முழங்காலும் கவட்டுத் தையலும்தான். முள்ளுப் பற்றைக்குள் நுழையக் கூடாது. ஈரத்தோடு சுருட்டிக் கார் டிக்கியில் போட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும், தையல் நாடா கழரும். ஹீற்றரில் போடாமல் நிழலில் உட்புறமும் வெளிப்புறமும் காயவிட வேண்டும். ஓட்டை கண்டுபிடிக்கக் கொடியில் தொங்கவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே கசியும் இடத்தைப் பேனையால் குறித்து, காய்ந்த பின் வளையக்கூடிய பசை பூசி ஓர் இரவு விடுங்கள். என்னுடையதில் ஐந்து ஒட்டு இருக்கிறது. ஒன்றும் ஒழுகவில்லை.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். எலி மூத்திரத்தால் ஆற்றுத் தண்ணீரில் நோய் பரவலாம். காயத்தை மூடி இறங்கி, வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களில் 13 வயதும் அதற்கு மேலும் ஆன எவருக்கும் இங்கே அனுமதிப் பத்திரம் வேண்டும். 16 வயது வரை அது இலவசம். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண் வரை தண்டம். ட்ரவுட், சமன் தவிர்ந்த ஆற்று மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போட முடியாது. பிடித்த மீனைக் கறிக்குக் கொண்டுபோகலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் திரும்ப நீரில் விடவே வேண்டும்.

போன வசந்த காலத்தில் மகளின் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் மீன்குஞ்சு விட்டார்கள். வாளி பிடிக்க ஆள் கேட்டார்கள். நான் இறங்கினேன். தண்ணீரின் குளிர் துணியை அமத்தியது, ஆனால் என் தோலில் படவில்லை. மகள் கரையில் நின்று, "அப்பா, நனைஞ்சிட்டீங்களோ?" என்று கேட்டாள். "இல்லையம்மா, காய்ஞ்சபடியே நிக்கிறன்" என்றேன்.

உங்கள் பிள்ளைகளையும் ஒருநாள் அந்த ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இறங்குவதானால் உள்ளே ஜீன்ஸ் மட்டும் போடாதீர்கள்.