வலிமையும் சிக்கனமும்

விமானிகள் கூடுமிடங்களில் ஒரு வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகின்றது. வாதிடுவோர் பலர் உளர். தீர்ப்பு வழங்குவார் எவரும் இலர். நடுவே ஒரே நடைவழியும், அதன் இரு பக்கங்களிலும் மும்மூன்று இருக்கைகளும் கொண்ட விமானங்களுள் பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்பதே அவ்வழக்கு. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கோ கோத்தா கினபாலுவுக்கோ செல்லும் பயணி ஏறி அமர்வது பெரும்பாலும் இத்தகைய விமானத்தில்தான். அவருக்கு ஒன்றற்கும் மற்றொன்றற்கும் வேறுபாடு புலப்படுவதில்லை. சாளரத்தோரம் இடம் கிடைத்ததா என்பதே அவர் கவலை. முன்னறையில் அமர்ந்திருப்பவர்க்கோ அவ்வேறுபாடு கையிலும் காலிலும் தெரியும்.

பழைமையின் பக்கம் நிற்போர் முதற் சான்றாகக் கொணர்வது போயிங் 757. 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதன்முதல் பறந்து, 1983இல் பயணியர் பணிக்கு வந்த விமானம் அது. மொத்தம் 1,050 விமானங்கள் உருவான பின், 2004இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதனை ஓட்டியவர்கள் அதனைப்பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். ஏறத்தாழ 40,000 இராத்தல் உந்துவிசை தரும் இயந்திரங்கள் இரண்டு, அகன்ற இறக்கை, உடலின் கீழே எட்டுப் பெருஞ்சக்கரங்கள். சுமை குறைந்த நாளில் அது ஓடுபாதையை விட்டெழுவது, கட்டவிழ்த்த காளை வயலைத் தாண்டுவது போன்றதாம்.

இதனை வெறும் பற்று என்று தள்ளிவிட இயலாது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் உள்ள ஜான் வெய்ன் விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழ 1,740 மீட்டரே நீளமுடையது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் முதலிரு ஓடுபாதைகளோ ஒவ்வொன்றும் 4,000 மீட்டருக்கு மிகுந்தவை. அங்கு நீளம் குறைவு என்பது மட்டுமன்று, ஓடுபாதைக்கப்பால் குடியிருப்புகள். விமானம் செங்குத்தாக ஏறி, விரைவிலேயே இயந்திர ஒலியைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். 757 அதனை எளிதாகச் செய்தது. கொலராடோ மலைநாட்டின் ஈகிள் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய இடத்தில் காற்று மெலிந்திருக்கும். இறக்கைக்கும் தாங்கல் குறையும், இயந்திரத்திற்கும் மூச்சுக் குறையும். நாற்புறமும் மலை சூழ்ந்திருக்க, ஏறும்போது ஓர் இயந்திரம் நின்றுபோனால் எஞ்சிய ஒன்றே விமானத்தை மேலே கொண்டு செல்ல வேண்டும். விமானி விரும்பும் மிகைவலிமை அந்த ஒரு நொடிக்காகத்தான்.

757 விட்டுச் சென்ற வழித்தடங்கள் பலவற்றை ஏற்றுக்கொண்டது நீண்ட உடல் கொண்ட 737-900ஈஆர். இரண்டையும் ஒப்பிடப் பெருங்கணிதம் வேண்டா. ஆறாம் வகுப்பு மாணவனின் வகுத்தல் போதும். 757-200 எழும்பும்போது சுமக்கக்கூடிய மிகைப்பட்ச எடை ஏறத்தாழ 115,700 கிலோகிராம். இறக்கையின் பரப்பு 185 சதுர மீட்டர். அதாவது, ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்குவது 625 கிலோகிராம். 737-900ஈஆர் விமானத்திற்கு அவ்வெடை 85,100 கிலோகிராம். இறக்கை 125 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 680 கிலோகிராம் வருகின்றது. தாங்கும் பரப்புக் குறைந்தால் வேகம் மிக வேண்டும்; எழும்பவும் இறங்கவும் நீண்ட பாதை வேண்டும். உடல் நீளம், கால்கள் குட்டை என்பதால் மூக்கைச் சற்று விரைந்து தூக்கினாலும் வால் தரையில் உரசிவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விமானி முதலில் பழக வேண்டியது இந்த நிதானத்தைத்தான்.

ஆயினும் வழக்கின் மறுபக்கமும் வலியது. பயணியரும் எரிபொருளும் இன்றி 757-200 ஏறத்தாழ 58 டன் எடையுள்ளது. 737-900ஈஆர் ஏறத்தாழ 45 டன். ஏற்றிச் செல்லும் பயணியர் தொகையிலோ இருபது முப்பது பேர்தாம் வேறுபாடு. ஐந்து நிமிட ஏற்றத்திற்காக அமைந்த பேராற்றலை ஐந்து மணி நேரப் பயணம் முழுவதும் சுமந்து திரிய வேண்டியிருக்கின்றது. அச்சுமைக்கு எரியும் எண்ணெய்க்குப் பயணச்சீட்டிலிருந்துதான் பணம் வர வேண்டும். விமானியின் ஊதியமும் அதே பெட்டியிலிருந்து வருவதே. இதனை அறியாத விமானி இல்லை. அறிந்தும் பெருமூச்சு விடுகின்றார்.

வியப்பு யாதெனில், இதே 757 ஒரு காலத்தில் சிக்கனத்தின் பிள்ளையாகவே பிறந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், மூன்று இயந்திரங்கள் கொண்ட போயிங் 727இன் இடத்தை நிரப்ப உருவானது அது. மூன்று இயந்திரங்கள் இரண்டாயின. முன்னறையில் மூவர் இருவராயினர். விமானிகளின் பின்னே பக்கவாட்டில் அமர்ந்து எண்ணெய், மின்சாரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கண்காணித்த விமானப் பொறியாளரின் நாற்காலி அகற்றப்பட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 1980களில் நான்கு 757 விமானங்களை இயக்கிச் சில ஆண்டுகளில் விற்றுவிட்டது. அன்று 727இன் விமானிகள் விட்ட பெருமூச்சையே பின்னாளில் 757இன் விமானிகள் விட்டனர்.

ஏர்பஸ் ஏ320 இவ்வழக்கில் தனிக்கட்சி. 1987இல் முதலிற் பறந்த அதில் கைப்பிடி பக்கவாட்டில் அமைந்தமையால் விமானியின் முன்னே ஒரு சிறு மேசை உண்டு. உணவுத் தட்டை மடியில் வைத்துண்ணும் 737 விமானிகள் இதற்காகவே பொறாமை கொள்வர். அதன் பெரிய நன்மை கால்களின் உயரம். 2010இல் ஏர்பஸ் நிறுவனம் புதிய பெரிய இயந்திரங்களை அதில் பொருத்த முடிவு செய்தபோது, இறக்கையின் கீழே போதிய இடம் இருந்தது. எரிபொருளில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிச்சம் என்றனர். போயிங் நிறுவனத்தால் வாளாவிருக்க இயலவில்லை. 2011இல் 737 மேக்ஸ் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் பழைய சிக்கனம் ஒன்று தன் கடனைக் கேட்டு வந்தது. 1967இல் முதற் 737 பறந்தபோது அதன் கால்கள் வேண்டுமென்றே குட்டையாக அமைக்கப்பட்டன. ஏணி வண்டியும் பளுத்தூக்கியும் இல்லாத சிற்றூர் நிலையங்களில் ஆட்கள் தரையில் நின்றே பெட்டிகளை ஏற்றலாம் என்பது கருத்து. அன்றைய இயந்திரத்தின் முகப்புக் காற்றாடி ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவே உடையது. மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளும் இயந்திரமே எண்ணெயை மிச்சப்படுத்தும் என்பதால், காற்றாடி காலந்தோறும் பெருத்தது. மேக்ஸில் அது 176 சென்டிமீட்டர். குட்டைக்காலனுக்கு அது பொருந்தவில்லை. எனவே இயந்திரத்தை முன்னே தள்ளி, மேலே தூக்கிப் பொருத்தினர். அதனால் சில நிலைகளில் மூக்கு மேல்நோக்கும் இயல்பு மிகுந்தது. அதனை அடக்க, விமானியின் கட்டளையின்றியே வாலின் சிறகை அசைத்து மூக்கைத் தாழ்த்தும் கணினி ஏற்பாடு சேர்க்கப்பட்டது. காற்று மோதும் கோணத்தை அளக்கும் கருவிகள் இரண்டு இருந்தும், அவ்வேற்பாடு ஒரு நேரத்தில் ஒன்றன் சொல்லையே கேட்டது. விமானிகளின் கையேட்டிலோ அதுபற்றி விளக்கம் இல்லை. பழைய 737 அறிந்தவர்க்கு மாதிரி விமான அறையில் பயிற்சி வேண்டா. கணிப்பலகையில் ஓரிரு மணி நேரப் பாடம் போதும் என்பதே விற்பனையின் கவர்ச்சி.

மேக்ஸ் முதன்முதல் பயணியரை ஏற்றிச் சென்றது 2017ஆம் ஆண்டு மே 22இல், மலிண்டோ ஏர் சேவையில், கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு. மறு ஆண்டு அக்டோபர் 28இல் பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் மேக்ஸ் ஒன்றில், பழுதுற்ற கருவியின் சொல்லைக் கேட்டு அவ்வேற்பாடு மூக்கை மீண்டும் மீண்டும் அழுத்தியது. அன்று முன்னறையில் மூன்றாவதாக ஒரு விமானியும் இருந்தார். வாலின் சிறகை அசைக்கும் மின்விசையைத் துண்டித்து, கையாலேயே செலுத்தி ஜகார்த்தா வந்து சேர்ந்தனர். மறுநாட் காலை அதே விமானத்தில் அதே கோளாறு. முன்னறையில் இருவர் மட்டுமே. 189 பேரும் கடலில் மாண்டனர். 2019 மார்ச்சு 10இல் எத்தியோப்பியாவில் மற்றொன்று வீழ்ந்து 157 பேர் இறந்தனர். அதன்பின் உலகெங்கும் மேக்ஸ் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

2020 நவம்பரில் அமெரிக்க அரசு தடையை நீக்கியபோது விதிகள் மாறியிருந்தன. இரு கருவிகளின் சொல்லும் ஒப்பிடப்பட வேண்டும். ஒவ்வொரு விமானியும் மாதிரி விமான அறையில் அமர்ந்து அக்கோளாற்றைக் கண்டு, கையாண்டு வர வேண்டும். இன்று அதனை ஓட்டுவோர் அது எண்ணெயைச் சிறிதே குடிக்கின்றது என்று மனமாரப் புகழ்கின்றனர். 757 விமானங்கள் பலவற்றில் இருக்கைகள் அகற்றப்பட்டுவிட்டன. அவை இரவு நேரங்களில் சரக்குப் பொதிகளைச் சுமந்து பறக்கின்றன. பொதிகள் குறைந்த இரவுகளில் அவை ஏறும் வேகத்தைப் பற்றி விமானிகள் காலைத் தேநீர் வேளையில் பேசிக்கொள்வர். அருகில் மேக்ஸ் விமானி ஒருவர் இருந்தால், அன்று எரிந்த எண்ணெய் எத்தனை டன் என்று அவர் கேட்பார்.