கடலடியிற் கிடக்கும் கற்கள்

பாலையூற்றிலிருந்து நகருக்கு வந்து, பிறட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து சுவாமிமலையில் ஏறுவோர் பெரும்பாலும் அவ்வாயிற் கற்களை நின்று நோக்குவதில்லை. கோணேசரைத் தரிசிக்கும் அவசரம் ஒருபுறம். இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கும் ஆவல் மறுபுறம். ஆயினும் அவ்வாயிலிலே இணைக்கயல்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. கோட்டை கட்டிய பறங்கியருக்குக் கயலோடு என்ன உறவு?

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் இது. மலையுச்சியிலும் இடையிலும் அடிவாரத்திலுமாக மூன்று கோயில்கள் இருந்தனவென்பதைப் போர்த்துக்கீசரின் குறிப்புகளே கூறுகின்றன. 1620களின் முற்பகுதியில் தளபதி கொன்ஸ்தாந்தினோ த சா அவற்றை இடித்தான். 1624இல் அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கோட்டைக்குப் பயன்பட்டவை போக எஞ்சியவை செங்குத்தான பாறையின் கீழே கடலுள் வீழ்ந்தன. அதன்பின் ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர், கோட்டை கைமாறியது. கோயில் இருந்த இடத்தை மக்கள் மறக்கவில்லை. கட்டடமின்றியும் மலையுச்சியில் வழிபாடு நடந்து வந்தது.

1950இல் நகரசபையினர் கிணறு தோண்டுகையில் மண்ணுள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அவற்றுள் அடங்குவர். இடிப்பதற்கு முன்னர் எவரோ அவற்றை அவசரமாகப் புதைத்திருத்தல் வேண்டும். மீண்டு வருவோம் என்ற எண்ணத்துடனேயே புதைத்திருப்பர். வந்தவரோ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் தண்ணீர் தேடியவர். புதிய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிறைவேறியது.

கடலின் பங்கை வெளிப்படுத்தியவர் சுழியோடியான மைக் வில்சன். 1956இல் அவரும் அறிவியற் புனைகதையாசிரியர் ஆதர் சி. கிளார்க்கும் பாறையடியில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்தெழுதினார்.

இத்தாலியின் நேப்பிள்சு விரிகுடாவிலே பாயே என்னும் இடத்தில் உரோமச் செல்வரின் கடற்கரை மாளிகைகளும் நீருள் கிடக்கின்றன. எரிமலை நிலம் மெல்லத் தாழ்ந்தமையால் அவை அமிழ்ந்தன. சுவரும் தளமும் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே உள்ளன. 2002 முதல் அப்பகுதி நீரடித் தொல்லியற் பூங்காவாகக் காக்கப்படுகின்றது. சுவாமிமலையின் கீழ் அத்தகைய ஒழுங்கில்லை. நிலம் தாழவில்லை, மனிதர் தள்ளினர். ஆதலால் எத்தூண் எம்மண்டபத்துக்குரியதென்று கடலடியை மட்டும் நோக்கிச் சொல்ல இயலாது. கடலில் வீழ்ந்த கல்லையும் கோட்டைச் சுவரில் ஏறிய கல்லையும் ஒருங்கே அளந்து ஒப்பிடுதல் வேண்டும். இராவணன் வெட்டைக் காட்டும் வழிகாட்டிகள் அனேகர்; கோட்டை வாயிலின் கயல்களைக் காட்டுவோர் சிலரே.