காசின் பெயர் பெற்ற மிதிவண்டி

ஒரு பொருளின் பெயர் அப்பொருளின் இயல்பை உணர்த்தும். அதனைக் கூர்ந்து நோக்குவார்க்குப் பெயரிட்ட காலத்தின் நிலையையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பென்னி பார்திங்’ என்னும் தொடர் இதற்கு நல்லதொரு சான்றாகும்.

பென்னி, பார்திங் என்பன இங்கிலாந்தில் வழங்கிய இருவகைக் காசுகள். பென்னி பெரியது, பார்திங் சிறியது. 4 பார்திங் சேர்ந்தது ஒரு பென்னி. ‘நான்கில் ஒரு பங்கு’ என்பதே பார்திங் என்னும் சொல்லின் பழம்பொருள். இவ்விரு காசுகளையும் முன்னும் பின்னுமாக நிறுத்திப் பக்கத்திலிருந்து நோக்கினால், முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த பழைய மிதிவண்டி ஒன்றன் தோற்றம் புலப்படும். அவ்வண்டியையே இத்தொடர் குறிக்கின்றது. காசுகளின் பெயர்கள் கூடிக் காசல்லாத வேறொன்றை உணர்த்துவதால், தமிழ் இலக்கண முறைப்படி இதனை அன்மொழித்தொகை எனலாம்.

முன்சக்கரம் அத்துணைப் பெரிதாக அமைந்தது ஏன்? அவ்வண்டிக்குச் சங்கிலி இல்லை. மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. கால் ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறையே சுற்றும். ஆதலின் விரைந்து செல்லப் பெரிய சக்கரம் வேண்டியதாயிற்று. ஏறுவோரின் கால் நீளமே அதற்கு எல்லை. 1870 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டார்லி, வில்லியம் ஹில்மன் என்னும் இருவர் ‘ஏரியல்’ என்ற இவ்வகை வண்டிக்குக் காப்புரிமை பெற்றனர். இதில் விரைவு மிகுதி, இடரும் மிகுதி. சிறு கல் தடுக்கினும் ஏறியவர் தலைகுப்புற வீழ்வர்.

1885 ஆம் ஆண்டில், ஸ்டார்லியின் உடன்பிறந்தார் மகனாகிய ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்னும் வண்டியை அமைத்தார். அதன் சக்கரங்கள் ஏறத்தாழ ஒத்த அளவின. சங்கிலி பின்சக்கரத்தை இயக்கிற்று. இடர் குறைந்த இவ்வகை வண்டியை மக்கள் ‘பாதுகாப்பு வண்டி’ என்றனர்.

இனிப் பெயர்கள் மாறிய வரலாற்றைக் காண்போம். நிகரின்றி விளங்கிய நாளில் உயர்ந்த வண்டிக்கு வழங்கிய பெயர் ‘மிதிவண்டி’ என்பதே. பாதுகாப்பு வண்டி தோன்றியபின், வேறுபாடு காட்டுதற்பொருட்டு அது ‘சாதாரண வண்டி’ எனப்பட்டது. அது வழக்கொழியத் தொடங்கிய பிறகே, 1890 ஆம் ஆண்டை ஒட்டிப் ‘பென்னி பார்திங்’ என்னும் பெயர் எழுந்தது. 1870 ஆம் ஆண்டுகளில் அதன்மீது பெருமிதத்துடன் ஊர்ந்தோர் அப்பெயரைக் கேட்டதில்லை!

வண்டி அன்றாட வழக்கினின்று நீங்கிற்று. பார்திங் 1960 ஆம் ஆண்டின் முடிவிலும், பழைய பென்னி 1971 ஆம் ஆண்டிலும் செல்லாக் காசுகளாயின. ஆயினும் அவற்றால் பிறந்த சொல் இன்றும் செல்கின்றது. பொருள் மறையினும் அதன் உருவை அழியாது காப்பது சொல்லேயாம்.