அம்மாவுக்கு எதுக்குத் துப்பாக்கி?

போன வருஷம் மாசி மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அக்கா கோலப்பொடிக் கிண்ணமும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அக்கா ஓடி வந்தார்.

"ஏனுங்க, யாரைத் தேடி வந்தாங்க?"

"என்னைத்தானுங்க அக்கா. துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தேன். விசாரிச்சிட்டுப் போறாங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சகோதரிகளே, உங்களுக்கும் அதே சந்தேகம்தானே? நாற்பத்து மூன்று வயதுக் குடும்பத் தலைவிக்குத் துப்பாக்கி எதற்கு? சொல்கிறேன்.

எல்லாம் என் பெண்ணால் வந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது துப்பாக்கி சுடும் விளையாட்டில் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. ரைபிள் க்ளப்பில் சேர்த்துவிட்டோம். சனி, ஞாயிறு அவளைக் கூட்டிப் போவது என் வேலை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, வெண்டைக்காய் நறுக்காத குறையாக இரண்டு மணி நேரம் காத்திருப்பேன். ஒரு நாள் மாஸ்டர் கூப்பிட்டார். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, வந்து பத்து குண்டு போட்டுப் பாருங்க."

திருவிழாவில் பலூன் சுட்டதோடு சரி, வேறு பழக்கம் கிடையாது. அன்றைக்குப் பத்தில் நாலு குண்டு அட்டையிலேயே படவில்லை. ஆனால் ஏதோ பிடித்துப் போயிற்று. புள்ளிக் கோலம் போடும்போது மூச்சை அடக்கி, கை ஆடாமல் இழை இழுப்போமே, அதே நிதானம்தான் இங்கேயும் வேண்டும். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். நாலரை மில்லிமீட்டர் ஈயக் குண்டால் அதைத் தொட வேண்டும். கோபத்தோடு போனாலும் முடியாது, அவசரத்தோடு போனாலும் முடியாது. உத்தரப் பிரதேசத்தில் ஜோஹ்ரி கிராமத்துச் சந்திரோ தோமர் பாட்டி அறுபது வயதுக்கு மேல்தான் சுடப் பழகினார். பேத்தியைக் கூட்டிப் போன இடத்தில் தானும் கற்றுக்கொண்டு பதக்கங்கள் வாங்கியவர். 2021-ல் கொரோனாவில் காலமானார். அவர் கதையை மாஸ்டர் சொன்ன பிறகு என் வயசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஏர் ரைபிள் வரைக்கும் லைசென்ஸ் தேவையில்லை. குழல் நாலரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், குண்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. அதற்காக அது பொம்மை இல்லை, கண்ணில் பட்டால் கண் போய்விடும். பிறகு மாஸ்டர் என்னைப் பாயின்ட் டூ டூ ரைபிளுக்கு மாற்றினார். அது நிஜத் தோட்டா. ஐம்பது மீட்டர் தூரம், நடு வட்டம் சட்டைப் பொத்தான் அளவு. க்ளப் துப்பாக்கியில் மாஸ்டர் பக்கத்தில் நிற்கச் சுடலாம். ஆனால் அது ஆறடி ஆம்பளைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. தோளில் வைத்தால் என் கை விசைக்கு எட்டுவதே சிரமம். "உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிடுங்கம்மா" என்றார் மாஸ்டர். அங்கேதான் லைசென்ஸ் கதை ஆரம்பம்.

துப்பாக்கியை வாங்கிவிட்டு லைசென்ஸ் எடுப்பது என்பது கிடையாது. முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடைக்குப் போக வேண்டும். மாவட்டமானால் கலெக்டர், கமிஷனர் உள்ள நகரமானால் போலீஸ் கமிஷனர் கொடுக்க வேண்டும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஆகவே என் பெண்ணுக்குக் கிடைக்காது. 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி ஏ-1 என்ற படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, பத்திரமாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழி, டாக்டர் சர்டிபிகேட். என்ன காரணத்துக்கு என்ற இடத்தில் 'விளையாட்டு' என்று எழுதினேன். அதை வாங்கிப் பார்த்தவர், "உங்க வீட்டுக்காரர் பேர்ல போட்டிருக்கலாமே?" என்றார். "அவருக்குச் சுடத் தெரியாதுங்க" என்றேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பயிற்சி எனக்குச் சுலபமாக இருந்தது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்டதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். குழல் முனை ஒருபோதும் ஆளைப் பார்க்கக் கூடாது. சுடுகிற நொடி வரைக்கும் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, ஈயம் கையில் ஒட்டியிருக்கும். அந்த உடுப்பைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்பது நானாகச் சேர்த்துக்கொண்ட விதி.

சங்கடம் டாக்டர் சர்டிபிகேட்டில் வந்தது. உடம்பும் மனமும் நன்றாக இருக்கிறது, போதைப் பழக்கம் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கி வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால், பையன் பிறந்து ஒரு மாதத்தில், எனக்கு மனம் சரியில்லாமல் போயிற்று. குழந்தை அழும், எடுக்கத் தோன்றாது. பால் கொடுக்கும்போது கண்ணீர் தானாக வழியும். தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரித்தார்கள். கடைசியில் எங்கள் அக்காதான் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு, மருந்தில் தீரும் என்றார் டாக்டர். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை.

அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, இதை டாக்டர்கிட்டச் சொல்லணுமா?"

"பதினாலு வருஷம் ஆச்சு. இப்ப நல்லாத்தானே இருக்கே? எதுக்குச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கறே?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தோன்றியது. கிணற்றுக்கு நடந்து போக நாற்பதடி தூரம் இருந்தது. அந்த நாற்பதடியில் ஒரு நாள் அத்தை கூப்பிட்டார்கள், ஒரு நாள் குழந்தை அழுதது, திரும்பி வந்தேன். அன்றைக்கு வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தால்? அதற்கு நாற்பதடி கிடையாதே. இந்தத் தாளில் கேட்கிற கேள்வி சர்க்காருக்காக இல்லை, எனக்காகத்தான் என்று அப்போது புரிந்தது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அங்கேயே கையெழுத்துப் போடாமல் மனநல டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் என்னை இரண்டு முறை வரவழைத்துப் பேசினார். தூக்கம், பசி, வீட்டுக் கவலை, அந்த எட்டு மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முடிவில், "இப்ப உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்: "மறுபடி தூக்கம் கெட்டு, எதுலயும் பிடிப்பு இல்லாம ஆச்சுன்னா, முதல்ல சாவியை வேற கையில கொடுங்க. அப்புறம் என்கிட்ட வாங்க."

அந்த வார்த்தையைத்தான் நான் வீட்டு விதியாக வைத்துக்கொண்டேன். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று, அதைச் சுற்றிப் பழைய பீரோ. பெட்டிச் சாவி என்னிடம், பீரோச் சாவி அவரிடம். நான் மட்டும் தனியாகத் திறக்க முடியாது, அவராலும் முடியாது. ரைபிளின் போல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்கிறேன். தோட்டா வேறு அறையில் வேறு பூட்டுக்குள். சாவி இருக்கிற இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பிள்ளைகளை உட்கார வைத்து ஏன் இத்தனை பூட்டு என்பதையும் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. "தம்பி, நீ பிறந்தப்ப அம்மாவுக்கு உன்னைத் தூக்கவே பிடிக்கலை. அது ஒரு வியாதி, உன் மேல கோபம் இல்லை" என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "இப்ப நினைச்சாலும் தூக்க முடியாதும்மா, அறுபது கிலோ இருக்கேன்" என்றான். நான் அழுதேனா, சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. பதினாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்கு நகர்ந்தது.

போலீஸ் விசாரணை முடிந்து வைகாசியில் லைசென்ஸ் வந்தது. 2019-ல் சட்டம் திருத்திய பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். துப்பாக்கி வாங்கியதும் அதைக் கொண்டுபோய்க் காட்டி எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிக்குப் போகிறவர்கள் விலக்குக் கேட்டு எழுதலாம். கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் ஜெயில் உண்டு. அதையும் 2019-ல்தான் சேர்த்தார்கள்.

ஆயுத பூஜைக்கு அத்தை தையல் மெஷின், அரிவாள்மணை, பையனின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, "அம்மிணி, அதையும் எடுத்து வையேன். ஒரு பொட்டு வெச்சுடறேன்" என்றார்கள். லைசென்ஸ் என்ற பேச்சை எடுத்தபோது, "பொம்பளைக்கு என்னத்துக்குடி இது" என்று மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்த அத்தைதான்! "எடுக்க வேண்டாமுங்க அத்தை, பீரோ மேலேயே வெச்சுடுங்க" என்றேன். பீரோக் கதவில் அந்தச் சந்தனப் பொட்டு இன்னும் இருக்கிறது.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் உங்கள் பிள்ளையோ நீங்களோ சேர விரும்பினால் தாராளமாகச் சேருங்கள். முதலில் க்ளப்பில் க்ளப் துப்பாக்கியிலேயே பழகுங்கள், அவசரப்பட்டு லைசென்ஸுக்கு ஓட வேண்டாம். எழுதிப் போடும் முன் வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு தரம் பாருங்கள். குடிக்கிறவர் உண்டா, கோபக்காரர் உண்டா, சில நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறவர் உண்டா? இருந்தால் துப்பாக்கி வீட்டுக்கு வரவே வேண்டாம், விளையாட்டு எங்கேயும் ஓடிப் போகாது.

கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தையைத் தூக்கப் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் நீங்கள் கெட்ட தாய் இல்லை. மந்திரிப்பதோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் போங்கள். அது தீருகிற வியாதி. தீர்ந்தவள்தான் இதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐம்பது மீட்டரில் பத்துக் குண்டில் மூன்று நடு வட்டத்தில் பட்டது. அட்டையை அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே! மீதி ஏழு எங்கீங்க போச்சு?" என்று கேட்டார்.